கோர்க்கும் வேலை யாருடையது

என் மகனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. உன் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் வர வேண்டும் என்று அம்மாவும் உன் பெரிய மாமாவும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள். நான் எழுதப்போவது, அப்பா படித்தால் சிரிப்பார் என்று நினைத்து உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த பத்து வரியைப் பற்றி. நான் சிரிக்கவில்லை. படித்து முடித்ததும் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். திரும்ப எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. தபாலில் சேர்க்கும் முன் இதை அவளிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன். ஏழு வருஷமாக அவளுக்கும் தெரியாத விஷயம் இதில் இருக்கிறது. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்ததைக்கூட அவளுக்குப் புரிகிற மாதிரி சில இடங்களில் விளக்கி எழுதுவேன். பொறுத்துக்கொள்.

நீ எழுதியிருந்தது இதுதான். கம்ப்யூட்டர் படிக்காத ஆபீஸ்காரர்களும் தாங்களே ரிப்போர்ட் எடுத்துக்கொள்ள உங்கள் கம்பெனியில் ஒரு சின்ன மொழி செய்கிறீர்கள். வரிசையாக இருக்கிற பல சொற்களை, நடுநடுவே ஒரு கமாவோ கோடோ வைத்து ஒரே வரியாகக் கோர்க்கிற ஜாயின் என்ற கட்டளையை நீ அந்த வரிசையின், அதாவது லிஸ்டின், கட்டளையாக வைத்திருக்கிறாய். ஆறு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், அது லிஸ்டின் வேலை இல்லை, நடுவில் நிற்கிற கமாவின் வேலை, அதாவது எழுத்தும் குறியும் அடங்கிய ஸ்ட்ரிங்கின் வேலை என்று மூன்று கூட்டங்களில் சொன்னாளாம். மூன்றாவது கூட்டத்தில் நீ, "கமா எந்திரிச்சு வந்து வேலை பாக்குமாம்மா?" என்று கேட்டாயாம். எல்லாரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லையாம். பிரச்சனை தீர்ந்தது என்று முடித்திருந்தாய்.

அந்தக் கேள்வியை நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. நம் வீட்டில் நான் அதை உச்சரித்ததே இல்லை. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அதே கேள்வியை, அதே ஜாயினுக்காக, ஏழு வருஷத்துக்கு முன் நாகமலைப் பக்கத்தில் எங்கள் அலுவலகத்தில் நான் ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் அதற்குப் பிறகு பேசவில்லை. பெங்களூரிலிருந்து வந்த கடிதத்தில் உன் கையெழுத்தில் என் குரல் கேட்டது. எந்தக் குணம் ரத்தத்தில் இறங்கும், எது இறங்காது என்று யாருக்குத் தெரியும்?

நான் இந்த வேலைக்கு வந்த விதம் உனக்குத் தெரியும். சோழவந்தான் பக்கம் நெல் வயல், கணக்கில் பி.எஸ்ஸி., அப்புறம் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் குமாஸ்தா. எழுபதுகளில் அட்டையில் ஓட்டை போட்டுக் கணக்குப் பார்க்கிற எந்திரம் வந்தபோது, கணக்குப் படித்தவன் என்பதற்காக என்னை மூன்று மாதம் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. திரும்பி வந்தபின் வீணான அட்டைகளைக் கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். அம்மா அவற்றின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை கம்ப்யூட்டர்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் திரை வைத்த புது எந்திரம் வந்தபோது, எங்கள் பிரிவில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பேச்சியம்மாள் வேலைக்குச் சேர்ந்தாள். டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு ஊர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அவர்கள் தெருவிலிருந்து எம்.எஸ்ஸி. வரைக்கும் வந்த முதல் ஆள் அவள். அதிகம் பேசமாட்டாள். கேட்டால் மட்டும், யோசித்து, ஒரே தடவையில் சரியாகச் சொல்வாள். மத்தியானம் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் ஆறு மாதம் அவள் அந்த மேஜைக்கு வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இது இல்லாமல் மற்றது உனக்குப் புரியாது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். தேர்வு முடிவுகளைப் பட்டியல் போடுவதற்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக ப்ரோகிராம் எழுதாமல், குமாஸ்தாக்களே எழுதிக்கொள்கிற மாதிரி சுலபமான ஒரு மொழி செய்துவிடலாம் என்றார். பொறுப்பு என்னுடையது. உதவிக்குப் பேச்சியம்மாள். நான் முதலில் கையேட்டைத்தான் எழுத ஆரம்பித்தேன். எண்ணுக்கு ஒரு பக்கம், எழுத்துகளை வரிசையாக வைத்திருக்கிற ஸ்ட்ரிங்குக்கு ஒரு பக்கம், பல பொருள்களை வரிசையாக வைத்திருக்கிற லிஸ்டுக்கு ஒரு பக்கம், அட்டவணைக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று. ஒரு பக்கத்தில் எந்தக் கட்டளை எழுதியிருக்கிறதோ, அது அந்தப் பொருளின் வேலை. எல்லாம் தடங்கலில்லாமல் போனது. ஜாயின் வந்த இடத்தில்தான் நின்றது. நான் லிஸ்ட் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். பேச்சியம்மாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், ஜாயின லிஸ்ட் பக்கத்துல போடாதீங்க சார். ஸ்ட்ரிங் பக்கத்துல போடுங்க."

"ஏன்? கோக்கப் போறது லிஸ்ட்டத்தான?"

"கோக்கப்படுறதுதான் சார் லிஸ்ட்டு. கோக்கிறது நடுவுல போற ஸ்ட்ரிங்கு." சுற்றிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து டேக் நூல் போட்டுக் கட்டிய விடைத்தாள் கட்டு ஒன்றை எடுத்தாள். "இந்தத் தாளுகளக் கட்டுறது யாரு சார்? தாளா, டேக்கா? டேக்குதான் ஒவ்வொரு தாளுலயும் ஓட்டை வழியாப் போகுது. ஓட்டை இல்லாத தாள் ஒண்ணு நடுவுல இருந்தா அந்த எடத்துல நின்னுரும். நமக்குத் தெரிஞ்சுரும். நீங்களே ஒண்ணா சேந்துக்கங்கன்னு தாளுகள்ட்ட விட்டோம்னா, ஒண்ணு நழுவிக் கீழ விழுந்தாக்கூடத் தெரியாது."

நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் சொன்னாள். "லிஸ்ட்டுக்குன்னு எழுதுனா, நாளைக்கு அட்டவணைக்கு ஒண்ணு, ஃபைலுக்கு ஒண்ணுன்னு அதையே திரும்பத் திரும்ப எழுதணும் சார். ஸ்ட்ரிங்குக்கு ஒரு தடவ எழுதுனாப் போதும். எதுலருந்து வந்தாலும் ஒண்ணொண்ணா வாங்கிக் கோத்துக்கிரும். கடைசில கெடைக்கிறதும் ஸ்ட்ரிங்குதான சார்?"

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது, இல்லாமல் இல்லை. குமாஸ்தா எப்படி யோசிப்பார்? பட்டியலை எடு, கமா வைத்துக் கோர் என்றுதான் யோசிப்பார். கமாவை எடு, அதனிடம் பட்டியலைக் கொடு என்று உலகத்தில் யார் யோசிப்பார்கள்? படிக்கிறவனுக்கு எது இயல்பாக இருக்கிறதோ அதுதான் சரி என்று நான் நினைத்தேன். அதை அமைதியாக அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பிரிவுத் தலைவரும் கதவருகே வந்து நின்றுவிட்டார். நேற்று வந்த ஒரு பெண், அதுவும் இந்தப் பெண், எனக்குப் பாடம் எடுப்பதை அவர்கள் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது. "கமா எந்திரிச்சு வந்து வேலை பாக்குமா, பேச்சியம்மா?" என்று சத்தமாகக் கேட்டேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவள் விடைத்தாள் கட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள். "சரி சார்" என்றாள்.

லிஸ்ட் எதையும் வைத்துக்கொள்ளும். எண், ஸ்ட்ரிங், வெற்றிடம், லிஸ்டுக்குள் இன்னொரு லிஸ்ட், எல்லாமே அதற்கு ஒன்றுதான். ஜாயினை அதன் வேலையாக எழுதும்போது, நடுவில் ஸ்ட்ரிங் அல்லாத ஒன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. முடிவுகள் வெளியாகிற நாளில் பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வந்து காத்துக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் எந்திரம் நிற்கக் கூடாது. அதனால் 'தாண்டிப் போ' என்று எழுதினேன். இரண்டே வரி. எழுதும்போது ஒரு உறுத்தலும் இல்லை.

அந்த வருஷம் சில கல்லூரிகளிலிருந்து பி.எஸ்ஸி. இயற்பியல் செய்முறைத் தேர்வு மதிப்பெண் தாமதமாக வந்தது. அந்த மாணவர்களின் பதிவெண்ணை மட்டும் வெறும் ஸ்ட்ரிங்காக வைக்காமல், எண்ணும் மதிப்பெண்ணுக்கான இடமும் சேர்ந்த ஜோடியாக வைக்கச் சொன்னேன். பேச்சியம்மாள் அப்படியே செய்தாள். மதிப்பெண் வந்ததும் நிரப்பினாள். தேர்ச்சிக் கணக்கு சரியாக வந்தது. கடைசியில், தேறியவர்களின் எண்களைக் கமா வைத்துக் கோர்த்து அச்சிட வேண்டியதுதான் பாக்கி. ஜாயின் ஓடியது. ஜோடியாக இருந்தவை எல்லாம் ஸ்ட்ரிங் இல்லை அல்லவா? ஒவ்வொன்றையும் ஓசையில்லாமல் தாண்டிப் போனது. ஒரு இடைவெளி இல்லை. இரண்டு கமா சேர்ந்து விழவில்லை. தாள் பார்க்க அத்தனை சுத்தமாக இருந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதில் இல்லை. நான் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு முந்தைய வருஷம்தான் உன் ப்ளஸ் டூ முடிவு வந்தது. ஞாபகம் இருக்கிறதா? பேப்பரை வாசலிலேயே பிரித்து, நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அம்மா நம் தோளுக்கு மேலே. உன் எண் கண்ணில் படுகிற வரை வரிவரியாக விரல் வைத்துத் தேடினோம். அந்த வரிகளில் ஒரு எண் இல்லாமல்போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா?

ஆடி மாதம், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. வேட்டி கட்டிய ஒரு விவசாயியும் அவர் மகளும் எங்கள் அறைக்குள் வந்தார்கள். அலங்காநல்லூர்ப் பக்கம் என்றார். பெண்ணின் கழுத்தில் மஞ்சள் காயாத தாலிக் கயிறு. அவர் ஒரு கையில் பேப்பரிலிருந்து கத்தரித்த முடிவுப் பட்டியல். இன்னொரு கையில் அந்த வாரம்தான் கல்லூரிக்கு வந்து சேர்ந்த மதிப்பெண் சான்றிதழ். அதை அச்சிட்டது வேறொரு பழைய ப்ரோகிராம். அதில் ஜாயின் கிடையாது.

"ஐயா, இதுல எது நெசம்?" என்று இரண்டையும் மேஜைமேல் வைத்தார். "இதுல புள்ள பெயிலு. இதுல பாஸுங்குது."

நான் எந்திரத்தில் போய்ப் பார்த்தேன். பெயர் சகுந்தலா. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. இயற்பியலில் முதல் வகுப்பு. திரும்பி வந்து, "பாஸ்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பெயிலாப் போச்சுன்னு சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் சொன்னாங்கய்யா. இனிமே எதுக்கு வீட்டுல வச்சிருக்கன்னு கேட்டாங்க. ஆடி பொறக்குமுன்ன முடிச்சிரணும்னு அவசர அவசரமா முடிச்சுட்டேன். டீச்சர் ட்ரெயினிங் படிக்கணும்னு எம்புட்டோ அழுதுச்சு. பெயிலானவளுக்கு எவன் எடம் குடுப்பான்னு நாந்தான் வஞ்சேன்."

அந்தப் பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, என்னைப் பார்த்துக் கேட்டாள். "சார், நான் எப்பருந்து பாஸு?"

நான் சான்றிதழில் தேதியைத் தேடினேன்.

"இல்ல சார், இன்னைக்குத்தான் பாஸா? இல்ல, அந்தப் பேப்பரு வந்தன்னைக்கே பாஸா?"

அன்றைக்கே என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அவள் பிறகு இரண்டு தாளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். பேச்சியம்மாள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு எந்த இடத்தில் தப்பு என்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

அன்று மாலையே பிரிவுத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எண்களை ஜோடியாக வைத்தது யார் என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள் பேச்சியம்மாள். அது உண்மை. ஜோடியாக வைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. தாண்டிப் போ என்று எழுதியது யார் என்றும் கேட்கவில்லை. "டேட்டா தப்பாக் குடுத்தா எந்திரம் என்ன செய்யும்?" என்று என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய இடம் அது. பேச்சியம்மாள் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நாகமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் அவளுக்கு மெமோ எழுதினார். அவள் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நான் ஜாயினை ஸ்ட்ரிங் பக்கத்துக்கு மாற்றி, அவள் சொன்ன மாதிரியே எழுதினேன். கமா ஒவ்வொரு பொருளாக வாங்கும். ஸ்ட்ரிங்காக இருந்தால் கோர்க்கும். இல்லையென்றால் நின்று, எத்தனையாவது பொருள் என்று சொல்லும். அதே பழைய பட்டியலைக் கொடுத்தேன். ஒரு நொடி. 'நான்காவது பொருள் ஸ்ட்ரிங் அல்ல' என்று திரையில் வந்து நின்றது. அவ்வளவுதான். ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நீ இங்கே ஒன்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும். லிஸ்டின் கட்டளையாகவே வைத்துக்கொண்டு, ஸ்ட்ரிங் அல்லாததைக் கண்டால் நில் என்று எழுதியிருக்கலாமே, தப்பு இடத்தில் இல்லை, தாண்டிப் போ என்ற வரியில்தானே என்பாய். சரிதான். எழுதியிருக்கலாம். ஆனால் நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று ஏழு வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு வேலையை யாரிடம் கொடுக்கிறோமோ, அவர்களுடைய சுபாவத்தோடுதான் அதை எழுதுகிறோம். எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிற லிஸ்டின் இடத்தில் உட்கார்ந்து எழுதியதால், எது வந்தாலும் பரவாயில்லை என்று எனக்கும் தோன்றியது. ஸ்ட்ரிங்கின் இடத்தில் உட்கார்ந்து எழுதியபோது, 'நீ யார், உன்னை நான் கோர்க்க முடியுமா' என்ற கேள்வி தானாக வந்தது. நீங்கள் செய்கிற மொழி எத்தனை ஆபீஸில் ஓடப்போகிறதோ, அத்தனை இடத்திலும் நீ இல்லாதபோது அது உனக்குப் பதிலாக முடிவெடுக்கும். அதனால் எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயம் இல்லை.

புதிய ஜாயினின் தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். பாதி சொல்வதற்குள், "விடுங்க, மெமோ குடுத்தாச்சு, முடிஞ்சு போச்சு" என்றார். நானும் விட்டுவிட்டேன். நான் போய்ச் சொன்னேனே என்று எனக்கு நானே கணக்குக் காட்டிக்கொள்ள அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. தீபாவளிக்கு முன் பேச்சியம்மாள் ராஜினாமா செய்துவிட்டு, கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போய்விட்டாள். வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை.

சனிக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டில் கல்லுப்பட்டி பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பேச்சியம்மாளுக்கு இப்போது முப்பத்துச் சொச்சம் இருக்கும். என்னைப் பார்த்ததும் திகைத்து எழுந்து, "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, அன்றைக்குத் தலைவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்று.

"தெரியும் சார்" என்றாள். "நீங்க சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். அப்பறம் பாக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விடுபட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை என்று எதையோ சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் அம்புட்டு வீட்டுக்கும் போனேன் சார்" என்றாள்.

எந்த வீட்டுக்கு என்று கேட்டேன்.

"அந்த நாப்பது வீட்டுக்கும். லிஸ்ட்ட எடுத்துக்கிட்டு, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ் ஏறிப் போனேன். உங்க பிள்ளை பெயிலாகல, நம்பர் விட்டுப்போனது எங்க தப்புன்னு நேர்ல சொல்லணும்ல? பேப்பர்ல திருத்தம் போட்டா எத்தன பேரு படிப்பாங்க? சில வீட்டுல காப்பித்தண்ணி குடுத்தாங்க. சில வீட்டுல வஞ்சாங்க."

"யாரு தப்புன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க சார். என் தப்புன்னுதான் சொன்னேன். மெமோவுல அப்பிடித்தான சார் இருந்துச்சு."

நான் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சம்பவத்தை மறக்கப் பழகிக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமைகளில், என் தப்பைத் தன் தப்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வீடு வீடாகப் போயிருக்கிறாள். சகுந்தலா வீட்டுக்கும் போனாயா என்று கேட்டேன். போனேன் என்றாள். புகுந்த வீடும் அலங்காநல்லூரில்தான் என்று தெருவை அடையாளம் சொன்னாள். அதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூர் போனேன். சகுந்தலா வாசலில் ஒரு சின்னப் பெண் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் சீப்பைக் கீழே வைத்தாள். ட்ரெயினிங் அதன்பின் படிக்க முடியவில்லை என்றாள். முதல் பிள்ளை, அடுத்தது, பிறகு மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது என்று யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அந்த ப்ரோகிராமை எழுதியது நான், பேச்சியம்மாள் இல்லை, அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

சகுந்தலா என்னை வெறித்துப் பார்த்தாள். "அப்ப அந்த அக்கா மேல தப்பே இல்லையா?"

"இல்லம்மா."

"அவங்க இங்க வந்தப்ப நான் மண்ண வாரித் தூத்துனேன் சார்." அவள் குரல் எழும்பவே இல்லை. "இந்த எடத்துல வச்சுத்தான். நீ நல்லாவே இருக்க மாட்டன்னு சொல்லித் தூத்துனேன். தலையெல்லாம் மண்ணு. தட்டிக்கூட விடாம நின்னாங்க. எல்லாம் கேட்டுட்டு, வாரேம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. ஏழு வருசமா நான் அவங்களத்தான சார் சபிச்சுக்கிட்டு இருக்கேன்."

என்னைச் சபிப்பாள் என்று காத்து நின்றேன். அவள் அதற்குக்கூட நேரம் ஒதுக்கவில்லை. குழந்தையின் சடையை வேகமாகப் பின்னி முடித்துவிட்டு எழுந்தாள். உள்ளே பார்த்து, "அத்தை, பிள்ளையப் பாத்துக்கங்க, கல்லுப்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று குரல் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "அங்க போக எங்க சார் பஸ் மாறணும்?" என்று கேட்டாள்.

இரண்டு பஸ்ஸிலும் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால். பேச்சியம்மாள் வீட்டு வாசலில், குனிந்து காலைத் தொடப்போன சகுந்தலாவின் இரண்டு கையையும் அவள் பிடித்துக்கொண்டதைத் தெருவில் நின்று பார்த்தேன். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இன்று காலை, அந்த வருஷத்து முடிவுப் பட்டியலில் நடந்த தவறு முழுவதும் என்னுடையது, பேச்சியம்மாளுக்குக் கொடுத்த மெமோ தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிய அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அடுத்த வருசம் ரிட்டயர் ஆகப்போறீங்க, இப்ப எதுக்கு சார் இது?" என்று கேட்டார். பதிவேட்டில் ஏற்றி எண் போட்டுக் கொடுங்கள் என்று நின்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. குடும்பம் நடத்துவதைப் பற்றி நிறையப் பேர் உனக்குப் புத்தி சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, அதையும் நான் செய்யத் தவறியதிலிருந்துதான் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை உங்கள் அடுத்த கூட்டம் என்று எழுதியிருந்தாய். அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் வந்து உட்காரும் வரை பொறுத்திரு. பிறகு எழுந்து நின்று, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, இவர் சொன்னது சரி, நான் கேலி செய்தது தப்பு என்று சொல். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதே. கேலி செய்தது தனியாக இல்லை. பதிலுக்கு அவள் சிரிக்காமல் இருக்கலாம். ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கலாம். அந்த மௌனத்தை முழுவதுமாகக் கேட்டுவிட்டு, அப்புறம் உட்கார்.

உன் அப்பா